சேஸிஸில் துரு கண்ட பிறகும் வண்டியை வைத்திருக்கலாமா? 14 ஆண்டுகள், 2,38,000 கிலோமீட்டர் ஓடிய நான்கு சக்கர இழுவை வண்டியின் கணக்கு

1 · சேற்றுத்தடம்

அனைவருக்கும் வணக்கம். புதிதாக எடுத்த நாள் முதல் இன்று வரை கைமாறாமல் என்னிடமே இருக்கும் ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். ஏணிச்சட்டச் சேஸிஸ் (உடலை அடியில் தாங்கும் ஏணி வடிவ இரும்புச் சட்டம்), பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்த பின் ஆக்சில், டர்போ டீசல் எஞ்சின், ஐந்து கியர், தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் பகுதிநேர நான்கு சக்கர இழுவை: இதுதான் அதன் ஜாதகம். பதினான்கு ஆண்டுகளில் 2,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தார் காணாத பாதைகளில் ஓடியது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். சொல்லிவிட்டால் இந்த இழை அந்த நிறுவனத்தின் அன்பர்களுக்கும் எதிரிகளுக்கும் உரியதாகிவிடும்.

எஞ்சினின் தலை இதுவரை திறக்கப்படவில்லை. கியர்பாக்ஸ் பிரிக்கப்படவில்லை. இரண்டு ஆக்சில்களிலும் உள்ள கிரவுன் வீல், பினியன் என்ற பல்சக்கரங்கள் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவையே. கிளட்ச் ஒரு முறையும், டைமிங் பெல்ட் இரண்டு முறையும், டயர்கள் நான்கு முறையும் மாற்றப்பட்டுள்ளன. இவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை என்பதால் பழுதுக் கணக்கில் சேர்க்கவில்லை. வழியில் நிறுத்தியவையும் பட்டறைக்கு இழுத்தவையும் வேறு ரகம்: ஆக்சிலின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டது, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் நிலையை மாற்றும் சிறு மோட்டார் இறுகிப்போனது, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான எர்த் வயர் உள்ளுக்குள் பச்சை பூத்து அரித்துப்போனது, இன்னும் கணக்கற்ற ரப்பர் புஷ்களும் ஆயில் சீல்களும். வாங்கும்போது நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்ட பாகங்கள் ஒன்றுகூட என்னைக் கைவிடவில்லை. பெயரே தெரியாதிருந்த பாகங்கள்தாம் காலை வாரின.

இப்போது கதை சற்று மாறியிருக்கிறது. சென்ற மாதம் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் புஷ்களை மாற்றுவதற்காக வண்டியைத் தூக்கியபோது, ஸ்பிரிங் தாங்கிக்குச் சற்று முன்னால், சேஸிஸின் உட்பக்கச் சுவரில் கட்டைவிரல் நகமளவு ஒரு துளையைக் கண்டேன். ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தைச் சுரண்டினால் துரு இதழ் இதழாக உதிர்ந்தது. சேஸிஸை ஒட்டுப்போட்டு இன்னும் பல ஆண்டுகள் ஓட்டுவதா, இதோடு விடைகொடுப்பதா என்பதுதான் என் கேள்வி. உணர்ச்சியை ஒதுக்கிவைத்து விடை சொல்பவர்களின் கருத்தை முக்கியமாக எதிர்பார்க்கிறேன். உணர்ச்சி என்னிடமே தேவைக்கு மேல் இருக்கிறது.

2 · கிரீஸ்கை

ஐயா, விவரமாக எழுதியதற்கு நன்றி. முடிவுக்குப் போகுமுன் சில கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். துளை இருக்கும் இடத்தில் சேஸிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவமா, அல்லது ஒரு பக்கம் திறந்த சி வடிவமா? இதற்கு முன் அடிப்பாகத்துக்குத் தார் போன்ற கருப்புப் பூச்சு ஏதேனும் அடித்தீர்களா? சேஸிஸின் அடிப்பக்கத்தில் இருக்கும் வடிகால் துளைகளைக் கடைசியாக எப்போது குத்திச் சுத்தம் செய்தீர்கள்?

இவற்றைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெட்டி வடிவச் சேஸிஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கிறது. சேறும் தண்ணீரும் பக்கத் துளைகள் வழியே உள்ளே புகுகின்றன. தண்ணீர் வடிந்தாலும் மண் அடியில் தங்கி, ஈரத்துணியைப் போல் வாரக்கணக்கில் இரும்பை நனைத்துக்கொண்டே இருக்கிறது. வெளிச்சுவரில் பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உட்சுவர் பாதி கரைந்திருக்கக்கூடும். நகமளவு துளை கண்ணில் படுகிறது என்றால், அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்காவது தகடு மெலிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். உருண்டை முனைச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்துச் சுத்தியலைத் திருப்பி எறியும். மெலிந்த இடம் மண்பானை விரிசல் கண்டதுபோல் மொத்தென்று ஒலிக்கும். மங்கிய ஒலி வந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு எத்தனை என்று சொல்லுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்காதீர்கள். அண்ணாந்து பார்த்தபடி துருவைத் தட்டும் வேலை இது.

3 · புதுவரவு

மூத்தவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பத்து ஆண்டு பழைய இதே ரகத்து வண்டி ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன். ஏணிச்சட்ட வண்டி என்றாலே தலைமுறைக்கும் நிற்கும் என்று நினைத்திருந்தேன். இந்த இழை வயிற்றில் புளியைக் கரைக்கிறது. காற்றுத் துளை அடைத்ததால் ஆக்சிலுக்கு என்ன ஆகும், டிரான்ஸ்ஃபர் கேஸின் மோட்டார் எப்படி இறுகும் என்பதைச் சற்று விளக்க முடியுமா?

4 · சேற்றுத்தடம்

கிரீஸ்கை அவர்களே, பெட்டி வடிவம்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டுத் தார்ப்பூச்சு அடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வடிகால் துளைகளைச் சுத்தம் செய்தேனா என்று கேட்டீர்கள். அப்படியொன்று இருப்பதையே மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அறிந்தேன். சுத்தியல் சோதனையை இந்த வார இறுதியில் செய்துவிட்டு எழுதுகிறேன்.

புதுவரவு நண்பரே, ஆக்சிலின் கதை இது. ஓடும் வண்டியின் டிஃபரன்ஷியல், அதாவது ஆக்சிலில் உள்ள பல்சக்கரப் பெட்டி, சூடாக இருக்கும். உள்ளிருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அந்த நிலையில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் இரும்பு சட்டென்று குளிர்கிறது, உட்காற்று சுருங்குகிறது, அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கிறது. அதற்காகத்தான் ஆக்சிலின் மேல் ஒரு சிறு காற்றுத் துளையும் மூடியும் வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைத்திருந்தால் இழுவிசை முழுவதும் ஆயில் சீல்களின் மேல் விழுகிறது. எண்ணெயை வெளியே விடாமல் தடுப்பதற்காகச் செய்த சீல், வெளியிலிருந்து வரும் தண்ணீரை அதே திறமையோடு தடுப்பதில்லை. எனக்கு நடந்தது அதுவே. முழங்காலளவு ஓடை ஒன்றைக் கடந்து பத்து நாள் கழித்து, பின் ஆக்சிலின் வடிகால் திருகைத் தற்செயலாகக் கழற்றியபோது முதலில் தண்ணீர் கொட்டியது. பின்னர் பால் கலந்ததுபோல் வெளுத்த கியர் ஆயில் வந்தது. இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓடியிருந்தால் பேரிங்குகள் துருவேறி முனகத் தொடங்கியிருக்கும். அதன்பின் நான்கு இடங்களின் காற்றுத் துளைகளுக்கும் ரப்பர் குழாய் மாட்டி, எஞ்சின் அறையின் பின்தடுப்பான ஃபயர்வாலின் மேல்விளிம்பு வரை ஏற்றிக் கட்டிவிட்டேன். முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பவை அந்த நான்கு. ஒரு பிற்பகல் வேலை. இந்த வண்டிக்கு நான் செய்த மாற்றங்களிலேயே யாருடைய கண்ணிலும் படாததும், அதிகம் பயன்பட்டதும் அதுதான்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரின் கதை இதற்கு நேர்மாறானது. அது உழைத்துக் கெடவில்லை, சும்மா இருந்தே கெட்டது. இடையில் வேலை காரணமாக ஒன்றரை ஆண்டு நகரச் சாலைகளில் மட்டுமே ஓட்டினேன். நான்கு சக்கர இழுவையின் சுவிட்சைத் தொடவே இல்லை. மீண்டும் ஒரு மழைக்காலத்தில், சறுக்கும் மண்ணேற்றத்தில் சுவிட்சைத் திருப்பினால் விளக்கு மட்டும் மின்னி மின்னி நின்றது. மோட்டாரின் அச்சில் ஈரம் இறங்கித் துருப்பிடித்து இறுகியிருந்தது. அன்று முதல் மாதம் ஒரு முறை மண்பாதையைத் தேடிச் சென்று, உயர்நிலையிலும் தாழ்நிலையிலும் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறேன். அப்படி ஓட்டும்போது முன் டிஃபரன்ஷியலின் எண்ணெயும் சுற்றிவந்து மேலிருக்கும் பேரிங்குகளையும் சீல்களையும் நனைக்கிறது.

எர்த் வயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டார்ட்டர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு முழ வயரில் தீர்ந்த அந்த வழக்கை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

5 · கிரீஸ்கை

தார்ப்பூச்சு என்ற சொல்லைக் கண்டதும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. புத்தம் புதிய, துருவே தொடாத இரும்பின் மேல் முறையாக அடித்தால் அந்தப் பூச்சு கல்லடியிலிருந்து காக்கும். ஆனால் எட்டு ஆண்டு ஓடிய சேஸிஸின் மேல், துருவை முழுவதும் சுரண்டாமல் அடித்தால், அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறது. காலப்போக்கில் பூச்சு காய்ந்து வெடிக்கும், வெடிப்பின் வழியே தண்ணீர் நுழையும், நுழைந்தது வெளியேறாது. மேலே கருப்பு அழகாக இருப்பதால் அடியில் நடப்பதை யாரும் பார்ப்பதுமில்லை. மெழுகு அல்லது கம்பளிக்கொழுப்பு அடிப்படையிலான பூச்சுகள் இப்படிக் காய்ந்து இறுகாமல் கசிந்து பரவும் தன்மை கொண்டவை. நீண்ட குழாய் முனையைப் பக்கத் துளைகளுக்குள் விட்டுப் பெட்டியின் உட்சுவர்களிலும் தெளிக்கலாம். அழுக்கை ஈர்க்கும், கைபட்டால் ஒட்டும், ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் தெளிக்க வேண்டும் என்ற குறைகள் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்ததும் பானெட்டையும் கதவுகளையும் கழுவுவதில் காட்டும் அக்கறையை, சேஸிஸின் உட்பக்கத்துக்கும் பெட்ரோல் அல்லது டீசல் தொட்டியின் மேற்பக்கத்துக்கும் காட்டுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உப்பு உட்காருவது அங்கேதான்.

6 · நேர்கோடு

எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால் எதிர்ப்பக்கத்தில் நின்று சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். சேற்றுத்தடம் ஐயாவின் கணக்குப்படியே அவருடைய ஓட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு தார்ச்சாலையில்தான் நடந்திருக்கிறது. அந்த ஐந்து பங்குக்கும் இரண்டு டன் எடையையும், காற்றைக் கிழிக்காமல் இடித்துக்கொண்டு போகும் உடலையும், குழியில் இறங்கினால் துள்ளும் பின் ஆக்சிலையும், கூடுதல் எரிபொருளையும் சுமந்திருக்கிறார். பதினான்கு ஆண்டு பழைய வடிவமைப்பில் சறுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு இருக்க வாய்ப்பு குறைவு. உயரமான, குறுகிய, எடையேறிய வண்டிக்கு அதுதான் மிகவும் தேவை. ஈரச்சாலையில் குடும்பத்தோடு வேகமாகப் போகும்போது, சேஸிஸ் எவ்வளவு கனமானது என்பது எவ்வகையில் உதவும்? மோதலின்போது கசங்கி விசையை வாங்கிக்கொள்ளும் பகுதிகள் நன்கு வடிவமைக்கப்பட்ட புதிய வண்டி, கசங்க மறுக்கும் பழைய வண்டியைவிட உள்ளிருப்பவருக்குப் பாதுகாப்பானது.

நான் சேஸிஸ் ஒட்டுவேலைக்கு எதிரானவன் அல்லன். ஒட்டியபின் அந்த வண்டி செய்யப்போகும் வேலை என்ன என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு வெல்டிங் கம்பியைத் தொடலாம் என்கிறேன்.

7 · சேற்றுத்தடம்

நேர்கோடு அவர்களே, இந்தக் கேள்வியைத்தான் நான் எனக்கே கேட்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சறுக்கல் கட்டுப்பாடு இல்லை. காற்றுப்பைகள் முன்னிருக்கைகளுக்கு மட்டும் உண்டு. நெடுஞ்சாலைப் பயணங்களுக்கு வீட்டில் வேறு சிறு கார் இருக்கிறது. கடந்த நான்கு ஆண்டுகளாக நீண்ட தூரத்துக்கு அதைத்தான் எடுக்கிறோம். இந்த வண்டி ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதில்லை. அவற்றில் பாதி இப்போது மண்பாதை. ஆகவே நான் முதலில் சொன்ன ஆறில் ஒரு பங்கு என்பது பழைய ஆண்டுகளையும் சேர்த்த சராசரி என்று திருத்திக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எடையைக் குறையாக மட்டும் பார்க்க முடியாது. கல்லும் குழியுமான பாதையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, உடலும் சேஸிஸும் தனித்தனியாக இருப்பதால் முறுக்கத்தைச் சேஸிஸ் வாங்கிக்கொள்கிறது. இடையில் உள்ள ரப்பர் தாங்கிகள் மீதியை விழுங்குகின்றன. கதவு திறக்கவும் மூடவும் செய்கிறது, கண்ணாடி விரிசல் விடுவதில்லை. பதினான்கு ஆண்டு முறுக்கத்துக்குப் பிறகும் என் வண்டியின் கதவுகள் ஒரே தள்ளலில் மூடுவதை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இது உணர்ச்சிதான், தெரியும்.

8 · மணல்மேடு

சேஸிஸ் கேள்விக்குப் பக்கவாட்டிலிருந்து ஒரு செய்தி. இந்த ரகத்து வண்டிகளின் ஆயுளை நிர்ணயிப்பதில் பாகங்கள் கிடைப்பதற்கு உள்ள இடத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் அடிப்படை வடிவம், பல மாற்றங்களோடு டிஃபெண்டர் என்ற பெயரில் 2016 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்தது. மெர்சிடிஸ் ஜி 1979-இலும், டொயோட்டா லேண்ட் க்ரூசர் 70 வரிசை 1984-இலும் தொடங்கின. இப்படி நீண்ட காலம் உற்பத்தியில் இருந்த வண்டிகளுக்கு முப்பது ஆண்டு கழித்தும் ஒரு புஷ்ஷோ சீலோ தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. ஐந்தாறு ஆண்டு மட்டும் விற்றுவிட்டு நிறுத்தப்பட்ட வண்டியின் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒரு மின்னணுப் பெட்டி கிடைக்காமல் அது கொட்டகையில் முடங்கும்.

லேண்ட் ரோவரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போருக்குப் பின் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் உடல் தகடுகள் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டன. உடல் துருப்பிடிக்காது என்று உரிமையாளர்கள் மகிழ்ந்துகொண்டிருக்க, அடியில் எஃகுச் சேஸிஸ் துருவேறியது. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்ட இடங்களில் அலுமினியமே வெள்ளைப் பொடியாக அரித்தது. இன்று துத்தநாகக் குளியல் கொடுத்த மாற்றுச் சேஸிஸ்கள் அந்த வண்டிகளுக்குத் தனியாகச் செய்து விற்கப்படுகின்றன. பழைய உடலையும் எஞ்சினையும் புதிய சேஸிஸுக்கு மாற்றி இன்னொரு ஆயுள் ஓட்டுகிறார்கள். உங்கள் வண்டிக்கு அப்படி ஒரு சேஸிஸ் கிடைக்குமா என்று விசாரித்தீர்களா?

9 · சேற்றுத்தடம்

விசாரித்தேன்; கிடைக்காது. கழித்துப்போட்ட வண்டியின் பழைய சேஸிஸ் ஒன்று கிடைக்கும் என்றார்கள். ஆனால் அதற்கும் ஏறக்குறைய அதே வயது, அதே நோய்.

சுத்தியல் சோதனை முடிந்தது. முன்பாதி முழுவதும் கணீரென்று ஒலித்தது. எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய் பத்து ஆண்டுகளாக அந்தப் பகுதியைப் பூசிக் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கசிவைப் பாராட்ட வேண்டிய நாள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பின்பாதியில் மூன்று இடங்களில் மங்கிய ஒலி: துளை இருந்த இடம், அதற்கு நேரெதிர்ச் சட்டத்தில் அதே பகுதி, டீசல் தொட்டிக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தின் மூலை. தொட்டியை இறக்கி, குழாய் முனைக் கேமரா ஒன்றை இரவல் வாங்கி உள்ளே விட்டுப் பார்த்தேன். இரண்டு நீளச் சட்டங்களிலும், ஸ்பிரிங் தாங்கிக்கு முன்னால் பெட்டியின் தாழ்வான பகுதியில், இரண்டு விரற்கடை உயரத்துக்கு இறுகிய மண் படிந்திருந்தது. வடிகால் துளைகள் அந்த மண்ணுக்கு அடியில்தான் இருந்தன. தாங்கி பற்றவைக்கப்பட்ட இடத்தில் மட்டும் இரட்டைத் தகடு இருப்பதால் அது திடமாக ஒலிக்கிறது. குறுக்குச் சட்டத்தில் மேல்துரு மட்டுமே. சுரண்டியதும் நல்ல இரும்பு தெரிந்தது.

10 · கிரீஸ்கை

இது நான் அஞ்சியதைவிட நல்ல செய்தி. தாங்கியும் ஸ்டீயரிங் பெட்டி அமரும் இடமும் திடமாக இருந்தால் ஒட்டுவேலை நியாயமானது. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துளையின் மேல் ஒரு சதுரத் தகட்டை வைத்துச் சுற்றிலும் பற்றவைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மெலிந்த பகுதியை, நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே தடிமனுள்ள தகட்டைப் பொருத்த வேண்டும். தடித்த தகடு பலம் என்று நினைப்பது தவறு, ஏனெனில் தடித்ததும் மெல்லியதும் சேரும் கோட்டில் வளைவு முழுவதும் குவிந்து அங்கேயே விரிசல் பிறக்கும். மேலே போடும் வலுவூட்டும் தகட்டின் இரு முனைகளும் சேஸிஸுக்குக் குறுக்காகச் செங்குத்தாக முடியாமல், சாய்ந்தோ மீனின் வால்போல் கவர்த்தோ முடிய வேண்டும். பெட்டியின் மேல், கீழ் மூலை வளைவுகளில் கூடியவரை பற்றவைப்பு படாமலிருக்க வேண்டும். வளைவின் விசை அதிகம் ஓடுவது அவ்விளிம்புகளில்தான்.

தொட்டி இறங்கிவிட்டது என்பது நல்லது. பிரேக் குழாய்களையும் வயரிங் கட்டையும் அந்தப் பகுதியிலிருந்து விலக்கச் சொல்லுங்கள்; பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் எஞ்சின் கணினியின் இணைப்பையும் கழற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்து குளிர்ந்தபின் உள்ளே மெழுகு தெளிப்பது கட்டாயம். பற்றவைத்த சூட்டில் உட்சுவரின் பெயிண்ட் எரிந்திருக்கும். அதை அப்படியே விட்டால் புதிய தகடு பழையதைவிட விரைவில் போகும். ஸ்பிரிங்கைக் கழற்றினால் அதை ஆக்சிலோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஒரு முறை இழுத்து முறுக்கியவை மீண்டும் அதே பிடியைத் தருவதில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்க வேண்டும்.

11 · புதுவரவு

சேஸிஸ் பற்றிப் போதுமான அளவு பயந்துவிட்டேன். எஞ்சினையும் டயரையும் பற்றி நீண்ட கால உரிமையாளர்கள் எதைக் கவனிக்கிறார்கள்? நான் பார்த்துவைத்திருக்கும் வண்டியில் பெரிய டயர்கள் மாட்டி, இரண்டு அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள். பார்க்க மிகவும் கம்பீரமாக இருக்கிறது.

12 · கிரீஸ்கை

கம்பீரத்துக்கு விலை உண்டு. 29 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குலம் மாட்டினால் சுற்றளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது வண்டி 107-இல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் அதே அளவு குறைவாகவே பதிவாகியிருக்கும். ஒவ்வொரு கியரும் சற்று உயர்ந்துவிட்டதுபோல் ஆவதால் ஏற்றத்தில் கிளட்ச் கூடுதலாக உழைக்கும், பிரேக்கும் கூடுதலான சுழல் எடையை நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டு அங்குல உயர்வில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும், தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கமாக இருந்தால் சக்கரங்களுக்கு விசை கொண்டுசெல்லும் சி.வி. ஜாயின்ட்டுகளின் கோணமும் மாறும். உயர்த்தியவர் முன்சக்கர அமைப்பின் சாய்வுகளான கேம்பர், காஸ்டர் கோணங்களைச் சரிசெய்தாரா என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. முன்பக்கமும் முழு ஆக்சிலாக இருந்து, ஒரு குழியைத் தாண்டியதும் ஸ்டீயரிங் கைக்கு அடங்காமல் உதறினால், ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடின் புஷ்களிலும் பால் ஜாயின்ட்டுகளிலும் தேய்மானம் இருக்கும். புதிய ஸ்டீயரிங் டேம்பரை மாட்டி அந்த நோயைச் சில மாதம் மறைக்கலாம். பளபளக்கும் டேம்பரைக் கண்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

டயரின் பட்டன் ஆழத்தோடு வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் டயர்கள் தேயாமலேயே கிழடாகின்றன.

எஞ்சினைப் பொறுத்தவரை எனக்குத் தண்ணீரைவிடத் தூசிமேல்தான் அச்சம் அதிகம். தண்ணீர் புகுந்தால் உடனே தெரியும். தூசி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயின் ஒரு வெடிப்பு வழியே, அல்லது சரியாக அமராத ஃபில்டரின் ஓரம் வழியே ஆண்டுக்கணக்கில் புகுந்து, டர்போவின் இறக்கைகளையும் பிஸ்டன் ரிங்குகளையும் அரம்போல் தேய்க்கும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு அது அமரும் பெட்டியின் சுத்தமான பக்கத்தில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண்ணிறம் ஏறினால் அந்த வண்டியை விட்டு விலகிவிடலாம். என் வண்டிக்கு ஆண்டுதோறும் எஞ்சின் ஆயிலின் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புகிறேன். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போகிறது என்று பொருள். சிலிக்கன் மட்டும் ஏறினால் அண்மையில் பூசிய சீலன்ட்டாகவும் இருக்கலாம், அஞ்ச வேண்டாம். ஃபில்டரைக் கம்ப்ரெசர் காற்றால் ஓங்கி ஊதும் பழக்கத்தையும் விடுங்கள். காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் புது ஃபில்டரை மிச்சப்படுத்தி எஞ்சினைச் செலவழித்ததாகிவிடும்.

13 · நேர்கோடு

எதிர்க்கட்சியிலிருந்தும் ஒரு சேர்க்கை. பகுதிநேர நான்கு சக்கர இழுவை வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது, காய்ந்த தார்ச்சாலையில் அதை இயக்கி வட்டமடித்துக் காட்டும் விற்பனையாளரைப் பார்த்திருக்கிறேன். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் உருள்கின்றன. முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வேறுபாடு போகும் இடமின்றி ஷாஃப்ட்டுகளிலும் கியர்களிலும் முறுக்காக ஏறுகிறது. மண்ணில் சக்கரம் சற்றே வழுக்கி அதைக் கரைத்துவிடும், தாரில் கரையாது. பழைய உரிமையாளருக்கு இது தெரியுமா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். அவர் வண்டியை எப்படி நடத்தினார் என்பதை ஓடிய கிலோமீட்டரைவிட அந்த விடை தெளிவாகச் சொல்லும்.

பிரேக் ஆயிலையும் மறக்க வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்குப் புதிதில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு வரையறுத்திருப்பது 155 பாகை. இரண்டு டன் வண்டியில் நீண்ட மலையிறக்கம் இறங்குபவருக்கு இந்த வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய் அல்ல.

14 · சேற்றுத்தடம்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது. இரண்டு நீளச் சட்டங்களிலும் முன்கையளவு நீளத்துக்குப் பழைய இரும்பு வெட்டி எடுக்கப்பட்டு, அதே தடிமனில் புதிய தகடு வந்திருக்கிறது. வெட்டிய துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். வெளியே தார்ப்பூச்சு மெருகு குலையாமல் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால், முதலில் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருந்த தகடு சில இடங்களில் விசிட்டிங் கார்டின் தடிமனுக்கு வந்திருந்தது. மீதித் தார்ப்பூச்சை நானும் என் மகனும் நான்கு விடுமுறை நாட்களில் சுரண்டி எடுத்தோம். உள்ளும் புறமும் மெழுகு தெளித்தாயிற்று. வடிகால் துளைகள் பதினொன்று. அவற்றின் இடங்களை ஒரு தாளில் வரைந்து, உறையிலிட்டு டாஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நேர்கோடு அவர்கள் கேட்டபடி, இந்த வண்டி இனிச் செய்யப்போகும் வேலையையும் அதே தாளின் பின்பக்கம் எழுதினேன். மண்பாதை, மழைக்காலம், சுமை. நெடுஞ்சாலைப் பயணம் இல்லை. கூரைமேல் இருந்த இரும்புத் தட்டையும் கழற்றிவிட்டேன். அதை மாட்டிய நாளிலிருந்து அதன் மேல் ஏற்றியவை பெரும்பாலும் காலிப் பெட்டிகளே.

15 · புதுவரவு

நானும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். பார்த்துவைத்திருந்த வண்டியைச் சென்ற ஞாயிறு மீண்டும் போய்ப் பார்த்தேன். டயரின் இலக்கம் பல ஆண்டுகளுக்கு முந்தையது. ஏர் ஃபில்டர் பெட்டி துணியில் சுத்தமாகவே வந்தது. பிறகு பாயை விரித்து அடியில் நுழைந்தேன். முன்னிருந்து பின்வரை ஈரம் காயாத புத்தம் புதிய கருப்புப் பூச்சு, வாசனைகூடப் போகவில்லை. சுத்தியலை எடுக்கலாமா என்று கேட்டேன். பெயிண்ட் போய்விடும் என்றார் உரிமையாளர்.

சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னொன்றைப் பார்க்கப் போகிறேன். அது உயரமும் ஆக்கவில்லை, டயரும் பழைய அளவுதான், கதவில் நீளமாக ஒரு கீறல் வேறு இருக்கிறதாம்.

16 · கிரீஸ்கை

கீறலை விடுங்கள். வடிகால் துளைகளைக் குத்திப் பார்க்க ஒரு சைக்கிள் ஸ்போக்கும் கொண்டு போங்கள்.